போர்ட்லண்ட் துரை

என் கணவர் யோகராஜா பிடித்தால் குரங்குப்பிடிதான். 2010இல் சுவிஸ் வந்ததிலிருந்து ஊஸ்டர் நகரில் கட்டட வேலைக்குச் சீமெந்து மூட்டை சுமந்து வந்தார். சுவர் கட்ட நன்றாகத் தெரியும். கொத்தனார் வேலைக்கான மேசன் பத்திரம் இல்லாததால் மூட்டை மட்டும்தான். நாற்பத்தைந்து வயதில், இன்னும் இரண்டு வருடம் சுமந்தால் முதுகும் நாரியும் போய்விடும் என்றார் டாக்டர். இவர் மேசன் பரீட்சைக்குப் பதிந்துவிட்டு வந்து நின்றார்.

முதல் தடவை செய்முறையில் நல்ல புள்ளி. வாய்மொழியில் கவிழ்ந்தார். போர்ட்லண்ட் சீமெந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். "ஹெர் போர்ட்லண்ட்", அதாவது திருவாளர் போர்ட்லண்ட், என்றிருக்கிறார் இந்த மனுசன். ஊரில் மூட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து மேசன்மார் 'போர்ட்லண்ட் துரை' என்பார்கள், இவரும் நம்பிவிட்டார். பரீட்சகர்கள் சிரித்ததும் பதறி, தெரிந்த கேள்விகளுக்கும் வாய் திறக்கவில்லை.

"மானமும் போச்சு. இனி விடுங்கோவன்," என்றேன்.

"விடமாட்டன். இஞ்சரும், உமக்கு டொச் பாஷை நல்லா வரும். சீமெந்தைக் கண்டுபிடிச்ச ஆளைப் பற்றி வாசிச்சுச் சொல்லும்."

பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்துக் களைத்து வந்தவளுக்கு இது வேறு. எரிச்சலோடுதான் வாசித்தேன். ஜோசப் அஸ்ப்டின், இங்கிலாந்துக்காரர். 1824இல் செயற்கைக் கல் செய்யும் முறை என்று காப்புரிமை பதிந்தார். இறுகினால் போர்ட்லண்ட் என்ற இடத்துக் கல்லைப் போலிருக்கும் என்று அந்தப் பெயர் வைத்தார்.

"ஆள் என்ன வேலை?"

"மேசன்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "படிச்ச துரை எண்டெல்லோ நினைச்சன்," என்றார். அன்றிலிருந்து ஒரு வருடம் வீட்டில் அஸ்ப்டின் புராணம்தான். எனக்கு அந்த மனிதர் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

இரண்டாம் பரீட்சையன்று மண்டப வாசலில் காத்திருந்தேன்.

"அவரைப் பற்றிக் கேட்டவையோ?"

"கேக்கேல்லை."

இதற்கா ஒரு வருடம் புராணம் கேட்டேன் என்று நடக்கத் தொடங்கினேன்.

"முடியேக்கை, வேறை ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டினம். போன முறை பிழை விட்டனான், அவர் துரையில்லை, என்னைப்போல மேசன் எண்டன். சிரிக்கேல்லை. கலவை எப்பிடி இறுகும் எண்டு கேட்டினம். பிறகு என்ரை வாய் நிக்கேல்லை."

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. நானே உடைத்து வாசித்துவிட்டு வேலைத்தளத்துக்குப் போன் எடுத்தேன்.

"பாஸப்பா," என்றேன்.

பின்னால் யாரோ சீமெந்து கேட்டுக் கத்துவது கேட்டது.

"வையும்," என்றார். "தோளிலை மூட்டை கிடக்கு. இதை இறக்கிப்போட்டு வாறன். இனித் தூக்கமாட்டன்."