கீறல் குரல் பெட்டி

அர்டெல் டாகெட் செய்த வான்கோழிப் பெட்டி இல்லாத வீடு அந்த ஊரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கணப்புக்கு மேலே உள்ள பலகையில், கல்யாணப் படத்துக்கும் பீங்கான் நாய்க்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். விருந்தாளிகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "அடடா, என்ன அழகு, என்ன வழவழப்பு!" என்பார்கள். அந்த 'அழகு' என்ற வார்த்தையைக் கேட்டாலே அர்டெல்லுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பின்னே? அழகுக்கா செய்தாள்? கைக்கு அடக்கமான மரப்பெட்டி அது. பக்கச் சுவர் இரண்டையும் வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சீவ வேண்டும். மேலே ஒரு மூடி, ஒரே ஒரு திருகாணியில் ஆடும். சுவரின் விளிம்பில் மூடியை உரசினால் பெட்டை வான்கோழி கூவுகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்கோ சதுப்புக்குள் நிற்கிற சேவல், மார்பை நிமிர்த்திக்கொண்டு வேட்டைக்காரனைத் தேடி வரவேண்டும். அதற்குத்தான் பெட்டி. அவள் செய்த பெட்டிகளோ ஒன்றுகூடக் காட்டுக்குள் போனதில்லை. தன் பெட்டியை ஒரு ஆளாவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகவேண்டும். அர்டெல்லுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி ஏற்றுகிறவரைக்கும் உள்ள பொழுதெல்லாம் கொட்டகையில்தான். தலைமுடியில் மரத்தூள் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. "சக்கரைக்கட்டி, நேத்து சூப்புல தேவதாரு வாசம் அடிச்சுது. நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லல," என்பான் அவள் புருஷன் ஹார்லன். மர அறுவை மில்லில் வேலை பார்க்கிறவன், மரத்தூள் அவனுக்குப் புதுசில்லை.

துப்பாக்கியைத் தொட்டறியாத அர்டெல்லுக்கு வான்கோழியின் குரல் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பஸ் திரும்புகிற கடைசி இடம் அறுத்துப் போட்ட சோளக்காட்டு ஓரம். விடிகிற நேரத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பாள். மரத்திலிருந்து இறங்கி வரும் பெட்டைகள் அங்கேதான் மேயும். வருஷக்கணக்கில் அவை ஒன்றையொன்று அதட்டுவதும் கொஞ்சுவதும் காதில் விழுந்து விழுந்து, அவளுக்கு அவை அக்கம்பக்கத்துப் பெண்களைப் போல ஆகிவிட்டன. அதில் ஒரு கிழப் பெட்டைக்குத் தொண்டை கரகரப்பு. கூவும்போது பாதியில் குரல் உடையும். சேவல்கள் என்னவோ அதன் பின்னாலேதான் சுற்றும்.

அந்த உடைசலை ஒரு பெட்டிக்குள் கொண்டுவர அர்டெல் ஒரு குளிர்காலம் பூராவும் மெனக்கெட்டாள். ஒரு பக்கச் சுவரை நடுவில் மட்டும் மயிரிழை கூடுதலாகச் சீவியபோது அது வந்தது. கொட்டகைக்குள் தன்னந்தனியே கைதட்டினாள்.

அந்தப் பெட்டியைத்தான் சர்ச் விருந்தில், சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் பஃபர்ட் ஹின்சன் கையில் கொடுத்தாள். ஊர் வேட்டைக் கிளப்புக்குத் தலைவர் அவர்தான். கிளப்பில் விதி என்று எழுதி வைத்ததெல்லாம் அவர் கைப்பட எழுதியது. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மூடியை ஒருமுறை இழுத்தார்.

"சிஸ்டர் அர்டெல், இதுல கீறல் விழுதே."

"ஆமா பிரதர். வேணும்னுதான் வெச்சேன்."

"வேணும்னு யாராச்சும் ஓட்டைப் படகு செய்வாங்களா? பெட்டின்னா மணி மாதிரி ஒரே சீரா அடிக்கணும். இதைக் கேட்டா சேவல் வராது, டாக்டர்தான் வருவார்."

மேஜையே குலுங்கிச் சிரித்தது. அர்டெல்லுக்குக் காது சிவந்துவிட்டது.

"வந்துட்டா?" என்றாள்.

"வந்துட்டா என்ன, நம்ம கிளப் சமையல்கட்டுல ஆணியில மாட்டறேன். என் கையாலயே."

அந்த ஆணி வரிசை சாதாரணமானது இல்லை. ஒரு சேவலையாவது வரவழைத்துக் காட்டிய பெட்டிக்குத்தான் அங்கே இடம். மாட்டிய பெட்டியைக் கிளப் ஆட்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகலாம். அர்டெல்லுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வேட்டை தொடங்குகிற முதல் சனிக்கிழமை, ஹார்லன் சுடுவது, அவள் கூப்பிடுவது என்று அங்கேயே முடிவாயிற்று.

"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றான் ஹார்லன், கோழிக்கால் கடித்துக்கொண்டே.

அந்தச் சனிக்கிழமை இருட்டோடு கிளப்புக்குப் போனார்கள். வாசலில் காட்டின் படம் வரைந்த பலகை இருக்கும். ஒவ்வொருவரும் தன் பேர் எழுதிய மர முளையை, தான் போகிற இடத்தில் செருகிவிட்டுப் போகவேண்டும். ஒருவர் இடத்துக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது. ஹார்லன் ஓடைக்குக் கிழக்கே செருகினான். டீக்கனின் முளை ஏற்கெனவே மேற்கே, வெகு தூரத்தில் இருந்தது.

"நல்லதாப் போச்சு. அந்த மனுஷன் பக்கத்துல இருந்தா எனக்குக் கை நடுங்கும்," என்றாள் அர்டெல்.

"இப்ப நடுங்கலையா?"

"வாயை மூடிட்டு நட."

பெரிய ஓக் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். கொசு காதுக்குள் பாடியது. கிழக்கு வெளுத்தபோது, சேவல் பதிலுக்குக் கத்தி இடத்தைக் காட்டிக்கொடுக்கட்டும் என்று, ஹார்லன் வாயைக் குவித்து ஆந்தை போல அலறினான். ஓடைக்கு அந்தப் பக்கம் மரத்தின் உச்சியிலிருந்து ஒரு சேவல் கோபத்தோடு பதில் சொன்னது: கொளகொளகொளகொள! அர்டெல் பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்தாள். ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். ஆனால் அதற்குத் தான் பதில் சொல்லவேண்டும் என்பது இன்றைக்குத்தான்.

மூடியை மெல்ல இழுத்தாள். க்யோக், க்யோக், க்யோ... நடுவில் குரல் உடைந்தது.

காடு அமைதியாயிற்று. சேவலும் கப்சிப்.

"இன்னொரு தடவை," என்றான் ஹார்லன் கிசுகிசுப்பாக.

"மாட்டேன். அந்தக் கிழவி ரெண்டு தடவை கெஞ்ச மாட்டா. அவன் யோசிக்கட்டும்."

யோசிக்க விட்டாள். வெயில் ஏறியது. ஹார்லனின் தாடை மார்பில் விழுந்து மெல்லிய குறட்டை கிளம்பியது. முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். பிறகு இன்னும் ஒரே ஒரு முறை, அதட்டுகிற மாதிரி, சின்னதாக ஒரு கூவல். கிட்டத்திலேயே பதில் இடிந்தது. சேவல் தரையில் இறங்கி, ஓடையையும் தாண்டி வந்துவிட்டிருந்தது.

முதலில் தலை தெரிந்தது. வெள்ளையும் நீலமும் சிவப்புமாக, யாரோ சாயத்தில் முக்கி எடுத்தது போல. அப்புறம் விரித்த வால், தரையைத் தேய்க்கிற இறக்கை. வந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, பெட்டையைத் தேடியது. ஹார்லனின் துப்பாக்கி முழங்கால்மேல் ஏறியது. இன்னும் கொஞ்சம். இன்னும் பத்தடி வந்தால் போதும்.

அப்போது சேவலுக்குப் பின்னால் இருந்த பனைப்புதர் அசைந்தது.

ஹார்லன் சட்டென்று துப்பாக்கியை இறக்கித் தரையில் வைத்தான். சேவல் 'பட்' என்று ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடி இறக்கை அடிக்கிற இரைச்சல், சருகு மழை, அவ்வளவுதான். சேவல் போய்விட்டது.

புதரிலிருந்து ஒரு தொப்பி வந்தது. பின்னாலேயே, கையும் முழங்காலும் சேறாக, புருவத்தில் சிலந்திவலையோடு டீக்கன் பஃபர்ட் ஹின்சன் தவழ்ந்து வந்தார். அவர்களைப் பார்த்ததும் நாலு காலில் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்களா?" என்றார். பிறகு அதட்டலாக, "ஏம்பா ஹார்லன், இங்க ஒரு பெட்டை கூவிச்சே, அதைக் கலைச்சு விட்டுட்டீங்களா? அது பின்னாலதானே சேவல் வந்துச்சு! ஓடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அந்தச் சத்தத்தைப் பிடிச்சுட்டே வரேன் நான்!"

ஹார்லனுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.  அர்டெல் மடியிலிருந்த பெட்டியை எடுத்து ஒருமுறை உரசினாள். க்யோக், க்யோக், க்யோ...

டீக்கன் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். கிளப் விதிப் பலகையில் கொட்டை எழுத்தில் முதல் வரியாக இருப்பது இதுதான்: பெட்டை சத்தம் கேட்ட இடத்தை நோக்கித் தவழாதே, அங்கே ஒரு மனிதன் பெட்டியோடு உட்கார்ந்திருப்பான். எழுதியவர் அவரே. முளை மேற்கே, ஆள் கிழக்கே என்பது வேறு.

"நான் துப்பாக்கியைத் தோள்ல வெச்சிருந்தேன்னா என்ன ஆயிருக்கும் பிரதர்?" என்றான் ஹார்லன். இப்போது அவன் சிரிக்கவில்லை.

டீக்கனுக்கு முகம் வெளுத்தது. "தெரியும்," என்றார். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறியதும் ஹார்லன் குதித்தான். "இரு, கிளப்புல போய் வெச்சுக்கறேன். ஒரு வார்த்தை விடாம சொல்றேன்!"

"சொல்லக் கூடாது."

"என்ன?"

"நீ என் புருஷன். நீ சொன்னா, பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசறான்னுதான் சொல்வாங்க. கையில சேவலும் இல்லை. அப்படியே பெட்டி ஆணிக்குப் போனாலும் ஒருத்தனும் தொட மாட்டான். அவரே சொல்லணும்."

"அவர் சொல்வாரா?"

அர்டெல் ஜன்னல் வழியே பார்த்தாள். சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் இன்னொரு கணப்புப் பலகைக்கு இன்னொரு பெட்டி. 

கிளப் சமையல்கட்டில் பன்றி வறுவல் வாசம் தூக்கியது. நீள மேஜையில் சோளக் கஞ்சி, குழம்பு, ஆவி பறக்கிற ரொட்டி. சுவரில் துண்டு துண்டாகச் சட்டைத் துணிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பேர். பறவையைத் தவற விட்டவன், விதியை மீறியவன், யாராக இருந்தாலும் சட்டையின் பின்வாலை வெட்டி அங்கே அடித்துவிடுவார்கள். டீக்கன் பேரில் மட்டும் ஒரு துணியும் கிடையாது. அந்தப் பெருமையை அவர் பிரசங்கத்தில்கூட ஒருமுறை சொன்னதுண்டு.

"என்ன மிஸ் அர்டெல், உங்க சேவல் எங்க?" என்றான் ஸ்கீட்டர். குழாய் வேலை செய்கிறவன், வாயைச் சும்மா வைக்கத் தெரியாதவன். அவன் சுட்ட சேவல் வெளியே மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா."

"டாக்டராவது வந்தாரா?"

சிரிப்பு வெடித்தது. ஹார்லன் வாயைத் திறந்தான். அர்டெல் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். டீக்கன் குழம்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். கிண்ட வேண்டிய நேரமெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது.

"பிரதர், ஜெபம் பண்ணுங்க, ஆறிப்போகுது," என்றது ஒரு குரல்.

எல்லோரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள். டீக்கன் கரண்டியை வைத்தார்.

"பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். இதைச் சமைச்ச கைகளை ஆசீர்வதியும். எங்களைப் பத்திரமா வீடு கொண்டுவந்து சேர்த்ததுக்காக..." நின்றார். தொண்டையைச் செருமினார். "பத்திரமா... ஆண்டவரே, இன்னிக்குக் காலையில நான் எங்க இருந்தேன்னு உமக்குத் தெரியும்."

ஒவ்வொருவராக ஒரு கண்ணை மட்டும் திறந்தார்கள்.

"என் முளை மேற்கே இருந்துச்சு. நான் கிழக்கே இருந்தேன். ஒரு பெட்டை கூவிச்சு பிதாவே. கீறல் விழுந்த குரல். அம்பது வருஷமா கேட்டு வளர்ந்தவன் நான், அது நிஜப் பெட்டைன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். தவழ்ந்தேன். சேவலும் அதை நம்பித்தான் வந்துச்சு, என் கண்ணால பாத்தேன். நான்தான் அதைக் கலைச்சேன். ஹார்லன் புத்தியா துப்பாக்கியைக் கீழ வெச்சதால இந்தக் கஞ்சியை நான் இன்னிக்குச் சாப்பிடறேன். சிஸ்டர் அர்டெல்லோட பெட்டி... அது பெட்டி. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. எல்லோருக்கும் வாய் திறந்தபடி இருந்தது. டீக்கன் திரும்பி நின்று, கால்சட்டைக்குள் இருந்த சட்டை வாலை உருவி வெளியே விட்டார்.

"கத்தரி எங்க? புதுச் சட்டை. என் வீட்டுக்காரி லொரீன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. அவகிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்."

அப்புறம் சிரிப்பில் கூரை பறந்தது. மேஜையைத் தட்டினார்கள், காலை உதைத்தார்கள், ஸ்கீட்டர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்தரியை ஹார்லன் பிடுங்கிக்கொண்டான். "அசையாதீங்க பிரதர், வேற எதையாவது வெட்டிடப் போறேன்." முதுகு பாதி தெரிகிற அளவுக்கு வெட்டினான்.

டீக்கன் முதுகில் காற்று வாங்கியபடியே அர்டெல்லிடம் வந்து கையை நீட்டினார். அவள் பெட்டியைக் கொடுத்தாள். சமையல்கட்டுக் கதவுப் பக்கம் போய், ஒரு ஆணியைத் தேர்ந்து, மாட்டினார். கோணலாக இருந்ததை நேராக்கினார்.

"கீறலை மட்டும் சரி பண்ணிடாதீங்க சிஸ்டர்," என்றார்.

பெட்டி அந்த ஆணியில் ரொட்டி ஆறுகிற நேரம்கூடத் தொங்கவில்லை. ஸ்கீட்டர் தரையிலிருந்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே அங்கே போய் நின்றான்.

"மிஸ் அர்டெல், நாளைக்குச் சர்ச்சுக்கு முன்னாடி நான் ஒரு நடை போலாம்னு இருக்கேன். இதை எடுத்துட்டுப் போகட்டா?"

 "மழை வரும்னு ரேடியோவுல சொன்னாங்களே," என்றாள் அர்டெல். "நனைஞ்சா மூடி வழுக்கும், சத்தமே வராது. மரம் ஊறிப்போச்சுன்னா அவ்வளவுதான். சட்டைப்பையில வெறுமனே போடாத. ஓடையில விழுந்து கிழுந்து வெக்காத."

"நான் குழாய் வேலை பாக்கறவன் மிஸ் அர்டெல், எனக்குத் தண்ணியைப் பத்தித் தெரியாதா?"

"உன்னைத் தெரிஞ்சதாலதான் சொல்றேன்."

மேஜையில் இருந்த கடை ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தாள். மிச்சமிருந்த ரொட்டியைத் தட்டில் கொட்டிவிட்டு, காலிப் பிளாஸ்டிக் பையை உதறித் துகள் துணுக்கில்லாமல் ஊதினாள். பெட்டியை அதற்குள் வைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, அவன் கையில் கொடுத்தாள்.