மூன்றாம் வகுப்பு வங்குரோத்து

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடத்து இலையுதிர்காலத்தில், டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்தில் நான் வைத்திருந்த பலசரக்குக் கடை படுத்தது. முதலே நோஞ்சான் கடைதான். அந்த வசந்தகாலம் முழுக்க, யுத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சனம் கொடியும் பதாகையுமாகத் தெருவில் நின்றது. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நின்றேன். மே மாதத்துக்குப் பிறகு எல்லாருடைய சம்பளமும் வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்த சொந்தக்காரருக்குப் போனது. என் கடையில் முருங்கைக்காய் காய்ந்து விறகானது. விமானத்தில் வந்த விறகு.

கடையை மூடுவதற்கு ஒரு கிழமைக்கு முன், கல்லாவில் கிடந்ததையெல்லாம் வழித்தெடுத்து, நான் கட்டவேண்டியிருந்த சீட்டுக் காசை ஒரே தடவையில் கட்டி முடித்தேன். எங்கள் ஆட்கள் என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் பிடித்த சீட்டு அது. மாதாமாதம் எல்லாரும் போடுவதை ஒருவர் எடுப்பார். மனைவியின் தம்பியை முகாமிலிருந்து வெளியே எடுப்பதற்காக நான் முந்தி எடுத்திருந்தேன். ஒப்பந்தமில்லை, கையெழுத்தில்லை. சீட்டுப் பிடிக்கிற அக்காவின் கணக்குக் கொப்பியும் அவருடைய பார்வையும்தான் சட்டம். வங்கிக்கும் மொத்த வியாபாரிக்கும் ஒரு சதமும் மிச்சம் வைக்கவில்லை. அவர்களுக்குக் கட்டடம் இருக்கிறது, எங்கள் சனத்துக்கு என்ன இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நிமிர்ந்த நெஞ்சு, கடையை மூடி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்த பிறகும் நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள், கடன் கட்ட முடியாமல் முறிந்துபோன என் வங்குரோத்து விவகாரத்தைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த பெண் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. கடைசி மூன்று மாதங்களில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று எழுதிக்கொண்டு பக்கத்து நகரமான ஹேர்னிங்கிலுள்ள அலுவலகத்துக்கு வரவேண்டும். அன்றிலிருந்து தபால்காரியின் சைக்கிள் சத்தம் கேட்டாலே நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

டெனிஷ் சட்டம் வாசித்து விளங்குகிற அளவுக்கு எனக்கு மொழி இல்லை. நூலகத்துக்குப் போய், வங்குரோத்துச் சட்டம் பற்றி ஆங்கிலத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். ஓகூஸ் நகரத்திலிருந்து தருவித்துக் கொடுத்தார்கள், தலையணைத் தடிப்பில் ஒரு புத்தகம். விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அந்தச் சட்டம் எப்படித் திருந்தியது என்ற வரலாறு. மனிதனாகப் பிறந்தவன் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்திருப்பான். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, நாளைக்கு எனக்குத் தீர்ப்பு எழுதப்போகிற புத்தகம் போல வாசித்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே சிறை. கடன் கட்ட முடியாதவனைக் கட்டும்வரைக்கும் பூட்டி வைத்தார்கள். பூட்டுக்குள் இருப்பவன் எப்படி உழைத்துக் கட்டுவான் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. வியாபாரியென்றால் வங்குரோத்து என்று அறிவித்துத் தப்ப வழி இருந்தது, மற்றவர்களுக்கு வெகுகாலம் அதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கடைக்காரனாகிப் போனதற்காக எனக்குள் ஒரு பெருமை. பிறகு வந்த ஒரு சட்டத்தில், விழுந்தவனுக்கு மூன்று வகுப்பில் சான்றிதழ். தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தால் முதலாம் வகுப்பு. பாதி அப்படி, பாதி தன் பிழை என்றால் இரண்டாம் வகுப்பு. முழுக்கத் தன் கூத்து என்றால் மூன்றாம் வகுப்பு.

எனக்கு எது கிடைக்கும் என்று மனைவியைக் கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“முருங்கைக்காயைப் பிளேனில இறக்கின ஆளுக்கு மூண்டாவதே கூடத்தானப்பா.”

அடுத்த அத்தியாயம் இன்னும் மோசம். முறியப்போகிற வியாபாரி, தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் முந்திக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரிப்பது தவறு என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் என்னுடைய படம் மட்டும்தான் போடவில்லை. நான் ஒரு பை எடுத்துப் பல்துலக்கியும் இரண்டு பெனியனும் வைத்தேன். மனைவி அதற்குள் ஒரு கம்பளிச் சட்டையும் வைத்தாள். உள்ளே குளிருமாம்.

ஆனால் புத்தகத்தின் பின்பாதி என்னை வேறு மாதிரி ஆக்கியது. அந்த மூன்று வகுப்பையும் அவர்களே பிறகு தூக்கி எறிந்தார்கள். கடனுக்காகச் சிறையில் போடுவதையும் பெரும்பாலும் நிறுத்தினார்கள். விழுந்தவன் அரச அதிகாரியின் முன் நின்று கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும், உள்ளதை உள்ளபடி மேசையில் வைத்தவன் திரும்ப எழும்பலாம், ஒளித்தவனுக்குத்தான் கம்பி. விழுவது வேறு, திருடுவது வேறு என்பதைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு அந்த மனிதர்கள் ஒரு ஆயுட்காலம் சண்டை பிடித்திருக்கிறார்கள். நான் இங்கே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறேன். எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வருகிற கோபம்தான், அதனால் ஆறுவதற்குள் எழும்பிச் சீட்டக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். எத்தனையோ பேரைத் தூக்கி நிமிர்த்திய கை. ஹேர்னிங்குக்கு என்றைக்கு, எத்தனை மணிக்குப் போகிறேன் என்பதையும், சீட்டுக் காசு கட்டியதைச் சொல்லப்போகிறேன் என்பதையும் சொன்னேன்.

“தம்பி, நீர் என்ர பேரைச் சொன்னீரெண்டால் அந்தக் காசை அவையள் திருப்பிக் கேப்பினம். மற்றப் பத்துப் பேருக்கும் நான்தான் பதில் சொல்லோணும். எங்கட விசயத்தை ஏன் வெள்ளைக்காரரிட்டக் கொண்டுபோறீர்?”

“மறைச்சனெண்டால்தான் அக்கா நான் கள்ளன்.”

“வங்குரோத்துக்காரனுக்கு ரோசம் வேற.”

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் கூடவே எச்சிலும் வரும்.

“ஓம் அக்கா, வங்குரோத்துத்தான். விழுந்திட்டன். அதுக்காக ஒளிச்சுத் திரிய என்னால ஏலாது.”

கதவு சாத்தப்பட்டது. இவ்வளவு வீரமான வசனத்துக்குப் பிறகு அவருடைய வாசல் படியிலேயே உட்கார்ந்து எழும்பவேண்டியதாயிற்று.

குறித்த நாளில் ஹேர்னிங் அலுவலகத்துக்குப் பையோடு போனேன். எனக்கு முன்பே அங்கே அக்கா உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்போடு, மடியில் கொப்பி. என்னைப் பார்க்கவில்லை.

கணக்குப் புத்தகங்கள் பைக்குள்தானா என்று வழக்கறிஞர் கேட்டார். திறந்து காட்டினேன். பெனியனையும் பல்துலக்கியையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மரியாதையாக அடுத்த கேள்விக்குப் போனார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கறிஞர் அக்காவின் பக்கம் திரும்பியதும்தான் சிக்கல். வேலைக்கு அவருக்கு டெனிஷ் போதும், சண்டைக்குத் தமிழ்தான் வேண்டும். மொழிபெயர்க்க அங்கே என்னை விட்டால் ஆளில்லை.

“சொல்லும், இந்த ஆள் ஒரு விசரன், ஆனால் கள்ளனில்லை எண்டு. சொல்லும், நான் குடுத்ததைத்தான் திருப்பி வாங்கினன். இது பத்துக் குடும்பத்தின்ர வேர்வை.”

என்னைப் பைத்தியக்காரன் என்றதையும் ஒரு சொல் குறைக்காமல் டெனிஷில் சொன்னேன். வழக்கறிஞர் அதையும் எழுதிக்கொண்டார். கொப்பியை ஒவ்வொரு தாளாகப் புரட்டச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: சிறை என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆனால் அக்கா அந்தக் காசைத் திருப்பித் தரவேண்டும். தவணையாகக் கொடுக்கலாம். பிறகு சீட்டுக்காரரும் வங்கியோடு ஒரே வரிசையில் நின்று தங்கள் பங்கை வாங்கலாம். அதையும் நானே தமிழில் சொல்லவேண்டியிருந்தது. அக்கா கொப்பியை மூடினார். பங்கு என்பது கையளவுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்தக் கிழமையே பத்து வீட்டுக்கும் நானே போனேன். உன் காசு குறையப்போகிறது, அது என் பிழை என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். மூன்று கதவு திறக்கவில்லை. நாலு வீட்டில் திட்டு. மிச்சத்தில் திட்டும் தேத்தண்ணியும். பிறகு வந்த கோயில் திருவிழாவுக்கும் போய், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்வரிசையில் நின்றேன். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. நகரவில்லை.

குளிர் முடிகிற நேரம் எனக்கு ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு அக்கா வீட்டுக்குப் போய், தொடங்குகிற புதுச் சீட்டில் என்னையும் சேர்க்கச் சொன்னேன். கதவு திறக்காத மூவரும் அதில் இருந்தார்கள்.

“சேரலாம். ஆனால் நீர்தான் கடைசி. எல்லாரும் எடுத்த பிறகுதான் உமக்கு.”

“ஓம் அக்கா. பேரையாவது முதலாவதா எழுதுங்கோ.”

அக்கா கண்ணாடிக்கு மேலால் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து, பன்னிரண்டாவது வரியில் எழுதினார்.