குதிரைக் கழுத்துப்பட்டைக்குள் என் முகம்

பொம்மிடி ஸ்டேஷனில் என்னை ரயிலேற்ற வந்த என் நாத்தனார், பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கி, ஜன்னலோரம் நின்று சொன்னாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. ஐப்பசியில கல்யாண மேடையில அண்ணன்கூட நான் நின்னுக்கறேன். பொண்ணு வூட்டுக்காரங்க வீடியோ எல்லாம் பெருசா ஏற்பாடு பண்றாங்க. நீங்க பந்திப் பக்கம் பாத்துக்கங்க."

கல்யாணம் என் மகனுக்கு. ஏழு வருஷத்துக்கு முன் எனக்கு முகவாதம் வந்தது. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண் முழுதாக மூடாது. அதிலிருந்து முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் நாலு பேரிடம் பேசுவேன். அவளுக்கு நான் பதில் சொல்லுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. நகராமல் நின்றிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து மான்செஸ்டர், அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் கார்லைல். இங்கிலாந்தின் வடக்கு ஓரம். என் மகள் கவிதா அங்கே நர்ஸ். ஒரு மாதம் தங்கினேன். அதில் எழுதத் தகுந்த நாள் ஒன்றுதான்: செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை.

காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை செந்தில் காரை எடுத்தார். தென்மேற்கே நாற்பது மைல் தூரத்தில் எக்ரிமாண்ட். அன்றைக்கு அங்கே வருஷத் திருவிழா. வழியெல்லாம் கல்லை அடுக்கிக் கட்டிய வேலி, உள்ளே செம்மறி ஆடு. மேய்க்க ஒரு ஆளைக்கூடக் காணோம். ஊர் சின்னது. எங்கள் பக்கத்துப் பாப்பாரப்பட்டிக் கடைவீதியை இரண்டு தரம் நடந்தால் எவ்வளவோ அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு ஆப்பிள் வண்டி வந்தது. எங்கள் பக்கம் தேர் வந்தால் ஜனங்கள் உப்பும் மிளகும் தேர்மேல் வீசுவார்கள். அங்கே வண்டியில் நிற்பவர்கள் ஜனங்கள்மேல் ஆப்பிளை வீசுகிறார்கள். பல நூறு வருஷப் பழக்கமாம். எனக்கு ஒன்று தோளில் பட்டது. கடித்துப் பார்த்தேன், புளியங்காய்தான் தோற்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பொட்டலம் ஐந்து பவுண்டு, நம் காசுக்கு ஐந்நூற்றைம்பதுக்கு மேல். அதற்கு உப்பு மட்டும் இலவசம்.

மாலை ஐந்து மணிக்கு ஒரு மண்டபத்துக்குப் போனோம். அங்கேதான் முகம் கோணும் போட்டி. குதிரையின் கழுத்தில் மாட்டும் கனத்த தோல் பட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் முகத்தை எவ்வளவு விகாரமாக்க முடியுமோ அவ்வளவு ஆக்க வேண்டும். நம் ஊரில் கட்டுகிற வீட்டுக்கு முன் திருஷ்டிக்குத் தொங்கவிடும் முகம் இருக்கிறதே, அதை ஆளே செய்துகாட்டுகிறார்கள்.

எனக்கு உள்ளே போகவே மனசில்லை. "நீ கார்ல உக்காந்துக்கறியாம்மா?" என்று கவிதாவும் கேட்டாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். ஆனால் ரயில் ஜன்னலில் கேட்டதும் அன்பாகத்தான் இருந்தது.

"பேரு குடு," என்றேன்.

"அம்மா, விளையாடறியா? உன்னய வெச்சு சிரிப்பாங்க."

"எல்லாரையும் வெச்சுத்தான் சிரிக்கறாங்க. அதுக்குத்தான டிக்கெட்டு."

செந்தில் என்னை மேஜைக்குக் கூட்டிப்போனார். பெயர் எழுதுகிற வெள்ளைக்காரர் பெரியவர், மூக்கு நுனியில் கண்ணாடி. "எனக்கு ஏற்கெனவே கோணியிருக்கே, அதுக்கும் சேத்து மார்க் போட்டுருவாங்களான்னு கேளுங்க மாப்பிள்ளை," என்றேன். இலவசமாக வருகிற மார்க் எனக்கு வேண்டாம். கேட்கச் செந்திலுக்குக் கூச்சம். காதெல்லாம் சிவந்துபோய்க் கேட்டார்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்னதைச் செந்தில் அப்படியே சொன்னார்: "முதல்ல சாதா முகத்தைக் காட்டணுமாம் அத்தை. அதுலருந்து எவ்வளவு மாறுதுன்னுதான் மார்க்காம். உங்க முகம் உங்க முகம், அதுக்கு ஏன் மார்க் போடறோம்ங்கறாரு."

பெண்கள் ஆறு பேர். எனக்குப் பக்கத்தில் நின்ற மார்கரெட்டுக்கு எழுபது வயதிருக்கும். என் சேலையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு, பல்செட்டைக் கழற்றி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார். "அது இருந்தா மூக்கைக் கடிக்க முடியாதாம்," என்று கவிதா மொழிபெயர்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

என் முறை வந்தது. பட்டை ஏழெட்டுக் கிலோ இருக்கும். புதுச் செருப்புக்கடை வாசனை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். முதலில் சாதா முகம். இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். ஏழு வருஷமாக மறைத்ததை அவ்வளவு பேர் வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டியது இனிமேல்தான் என்று காத்திருந்தார்கள்.

முகவாதத்துக்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் கண்ணாடி முன் எத்தனை காலை செய்திருப்பேன். கன்னத்தை ஊது, புருவத்தைத் தூக்கு, உதட்டைக் குவி. எந்தச் சதை அசையும், எது அசையாது என்று எனக்கு அத்துப்படி. வலது கன்னத்தை ஊதி, வலது புருவத்தை மேலே ஏற்றி, கீழுதட்டை மூக்குவரை கொண்டுபோனேன். மண்டபம் அதிர்ந்தது. மார்கரெட் தரையைக் காலால் தட்டினார்.

நாலாவது வந்தேன். மார்கரெட் இரண்டாவது. இடது பக்கம் ஒத்துழைக்காததால் மாற்றம் போதவில்லையாம். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாவதாக வந்த பெண் நாக்கை மட்டும்தான் நீட்டினாள்.

திரும்பும்போது காரில் இரண்டு போட்டோவைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒன்று கோணிக் காட்டியது, இன்னொன்று பட்டைக்குள் சாதா முகம். கால் மணி நேரத்தில் நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி, ரெண்டாவது போட்டோவ எடுத்துடுங்க. பொண்ணு வூட்டுக்காரங்களும் இந்த குரூப்புல இருக்காங்க."

"தெரிஞ்சுதான் கண்ணு போட்டேன்," என்று பேசி அனுப்பினேன். "மொதல்லயே பாத்துக்கட்டும். அன்னிக்கு மேடையில உங்கண்ணன் பக்கத்துல அந்த மூஞ்சிதான் நிக்கும்."

அதற்குள் சம்பந்தியம்மா, அந்தப் பட்டை என்ன விலை என்று கேட்டிருந்தார்.

கார்லைலை விட்டுக் கிளம்பும்போது பெரிதாக வருத்தமில்லை. குளிர் எனக்கு ஒத்துவரவில்லை, தயிர் உறையவில்லை. ஆனால் போகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய ஊர்தான் எக்ரிமாண்ட். கனமான கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிளைப் பிடியுங்கள், தின்னாதீர்கள். பெயர் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஐப்பசியில் அதியமான்கோட்டைக்கு வாருங்கள். கல்யாணம் அங்கேதான். மேடையில் நேராகத்தான் நிற்பேன்.