லிட்டருக்குப் பதினாலு

பெட்ரோல் பங்கில் குழாயை எடுப்பதற்கு முன்னால், பக்கத்தில் இருக்கும் இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்து மூன்று எண்ணுவேன். கனடாவின் இந்தச் சமவெளி ஊரில் குளிர்காலக் காற்று அவ்வளவு வறட்சி. காரைவிட்டு இறங்கிக் கதவைத் தொட்டால் விரல்நுனியில் சுருக்கென்று பொறி தெறிக்கும். இங்குள்ளவர்கள் கையை உதறிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். எனக்கு அது முடிவதில்லை. போன வாரம் எனக்குப் பின்னால் நின்றவர், விலை குறையட்டும் என்று பிரார்த்தனையா என்று சிரித்தபடி கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். விருதுநகருக்கு அருகே ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில் ஒரு செப்புத் தகடு உண்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று அதில் கை வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போவார்கள் என்று அந்தக் குளிரில் நின்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

வீடுவீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, அடுத்தவர் வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். பனியில் புதையாத உயரமும் வேண்டும், பெட்ரோலை மடக்மடக்கென்று குடிக்கவும் கூடாது. மூன்று மாதம் அலைந்து ஒரு பழைய சின்ன எஸ்யூவியை எடுத்தேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டாம், முன்சக்கரம் இழுத்தால் போதும் என்று அப்போதே கணக்காகத்தான் எடுத்தேன். அதன்பிறகும் மனம் அடங்கவில்லை. மேலே இருந்த கம்பிகளைக் கழற்றினேன், காற்று தடைபடாமல் போகும். டயரில் காற்றை, அனுமதித்த அளவின் உச்சத்துக்கு ஏற்றினேன். என்ஜின் சீக்கிரம் சூடேற, குளிர்காலத்தில் முன் கிரில்லின் பாதியை மூடிவைத்தேன். ஏற ஆளில்லாத பின்சீட்டையும் கழற்றிக் கராஜில் போட்டேன். கடைசியாக ஸ்டெப்னி. அதை எடுக்கச் சொன்னபோது மெக்கானிக் என்னை நிமிர்ந்து பார்த்து, நடுவழியில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவாய் என்று கேட்டார். கையால் காற்றடிக்கும் பம்ப் இருக்கிறது என்றேன். அவர் கேட்டது அதையில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இங்கே மைலேஜைத் தலைகீழாகச் சொல்வார்கள். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கணக்கு. எண் குறையக் குறைய நல்லது. ஊரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். எண் கூட வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் டேஷ்போர்டில் தெரியும் எண்ணை மனசுக்குள் ஊர்க்கணக்குக்கு மாற்றினால்தான் எனக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியும். அண்ணன் கார் வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை அவன்தான் நடத்துகிறான். மற்ற முதலாளிகளைப் போலப் பெரிய வண்டியாக எடுக்க அவனுக்கு ஆசை. நான் விடவில்லை. ஆமத்தூர்ப் பாதைப் பள்ளத்துக்கு உயரம் இருந்தால் போதும், சின்ன எஸ்யூவி எடுங்க, டீசல் எடுங்க, பதினெட்டுக்குக் குறையாது என்று அடித்துச் சொன்னேன். என் பேச்சை நம்பி எடுத்தான். பதினாலுதான் கிடைத்தது.

"அம்புட்டுத்தான் தாயி குடுக்குது" என்பான், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். குற்றமாகச் சொல்லமாட்டான். அதனாலேயே எனக்குக் குத்தும்.

போன வருஷம் ஆறு வார லீவில் போனேன். அப்பா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. கம்பெனிக்குள் ஒரு தடவை நுழைந்து, அவர் நின்று வேலை பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் டிக்கெட் எடுத்தேன். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். ஒருநாள் நைலான் ரிப்பன் கட்டிய ஜடையோடு போனேன். அப்பா வாசலிலேயே அதை அவிழ்த்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்துச் செப்புத் தகட்டில் வைத்தார். உள்ளே நூல் துணிதான், வெறுங்கால்தான். நைலான் உரசினால் பொறி பிறக்கும், பட்டாசு மருந்துக்கு ஒரு பொறி போதும் என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆறு வாரமும் திருமணம், சாவு விசாரிக்கத் துட்டிவீடு, பத்திர வேலை என்று ஓடியது. மிச்ச நேரத்தில் அண்ணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேலே மாட்டியிருந்த கேரியரை இறக்கினேன். முன்னால் பூட்டியிருந்த இரும்புக் கம்பி பம்பரைக் கழற்றினேன். டிக்கியில் கிடந்த பழைய லேபிள் கட்டுகளை வாரி வெளியே போட்டேன். அண்ணி, "கார நோயாளி கணக்கா பாக்கீகளே" என்று கேலி செய்தாள். பதினைந்தரை வந்தது. எனக்குப் போதவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் சூலக்கரையில் ஒரு கையெழுத்து வேலை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது விருதுநகரில் ஒரு பட்டறையில் வண்டியை மேலே தூக்கச் சொன்னேன். சைலன்சரின் வாயில் ஒரு தகரக் குடுவை பூட்டியிருந்தது. உள்ளே கம்பிவலை, வலை முழுக்கக் கரி. புகை முட்டினால் என்ஜின் மூச்சுத் திணறும், மைலேஜ் படுக்கும். பிடிபட்டுவிட்டான் திருடன் என்று நினைத்தேன்.

"இதக் கழட்டிரவாக்கா?" என்றான் பட்டறைக்காரன்.

"கழட்டு."

"நல்லா யோசிச்சுத்தான சொல்றீக?"

"கழட்டுன்னு சொன்னேன்ல."

மறுநாள் காலை என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனான் அண்ணன். சாயங்காலம் மதுரையில் விமானம். பின்னால் காகிதக் குழாய்க் கட்டுகள் ஏற்றியிருந்தான். லோடு ஏற்றியும் பதினேழரை காட்டியது. "பாத்தீகளாண்ணே" என்றேன். அவனும் சிரித்தான். கேட்டில் வாட்ச்மேன் சுப்பையா அண்ணாச்சி என்னைப் பார்த்து, "வாங்க தாயி, எப்ப வந்தீக?" என்றார். பேசிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். உள்ளே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் அவர் அப்படிக் குனிவார். நான் சிறுமியாக இருந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். புகையோடு வரும் நெருப்புப் பொறியைப் பிடித்துவைக்கத்தான் அந்த வலை. அவர் குனிந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முந்தின நொடிவரை வரவில்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

"மொதலாளி, அரெஸ்டர் இல்லையே" என்றார்.

அண்ணன் இறங்கிப் பார்த்தான். "நான்தாண்ணே கழட்டச் சொன்னேன், மைலேஜுக்கு" என்றேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஒனக்குமா தாயி மறந்துருச்சு?"

திட்டியிருந்தால் தேவலை. வண்டியை ரிவர்ஸில் எடுத்துத் தூரத்தில் கருவேலமரத்தடியில் நிறுத்தினோம். நான் நடந்தாவது உள்ளே போகலாம் என்று இறங்கினேன். சுப்பையா அண்ணாச்சி என் உடுப்பைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். இஸ்திரி போட வேண்டாம் என்பதற்காகவே கனடாவில் வாங்கிய பாலியஸ்டர் சுடிதார். மொதலாளி தங்கச்சி என்று அவர் விட்டிருக்கலாம். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை. அப்பா இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார். வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரம் இல்லை. விமானத்துக்கு முன்னால் விருதுநகர் போய் வலையைத் திரும்பப் பூட்டியாக வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றினான், தகட்டில் கை வைத்தான், உள்ளே போய் ஆட்களிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். அவ்வளவுதான் நான் பார்த்த கம்பெனி. அழுகை வந்தது. மறைக்கவில்லை.

மதுரைக்குப் போகும் வழியெல்லாம் வலை பூட்டிய வண்டியின் மைலேஜ் மறுபடி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. "பதினாலு போதும் தாயி, அத விடு" என்றான், பெட்டியை இறக்கும்போது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறேன். அவன் சாப்பிட்டியா என்பான், நான் மைலேஜ் எவ்வளவு என்பேன். போன வாரம் பதினாலுக்கும் கீழே போய்விட்டதாம். வண்டியில் வேண்டாத சுமை ஏதாவது கிடக்கும், டிக்கியைப் பாருங்க என்றேன். போனோடு இறங்கிப் போனான். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல தாயி. ஸ்டெப்னி கெடக்கு. பின்சீட்டுல ஒனக்கு ஒரு நூல் சேல வாங்கிப் போட்டுருக்கேன், அதான் கெடக்கு. எப்ப வந்தாலும் நேரா உள்ள வந்துறலாம்ல."

பங்கில் நிறுத்திய என் காருக்குள் இருந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். சீட்டில்லாத அதன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். நூல் சேலை அரைக் கிலோ இருக்கும் என்று பழக்கத்தில் மனம் கணக்குப் போட்டது. அதை எடுத்துவிடுங்க என்று நான் அவனிடம் சொல்லவில்லை.