கோபி கல்யாணமும் குடியை விட்டவருடன் ஒரு பஸ் பயணமும்

1996 தை மாதம், கோபிசெட்டிபாளையத்தில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருந்த என் கணவர் நடராஜன், குடியை விட்ட பிறகு போகும் முதல் விசேஷம் அது. போகலாமா என்று சிகிச்சை தந்த டாக்டரிடமே கேட்டோம்.

"பாட்டிலைப் பார்த்தாலே மூளை பழைய சுகத்தை எதிர்பார்த்துத் துடிக்கும். அது குணக்கேடு இல்லீங்க, மூளை பழகின பழக்கம். அலை மாதிரி ஏறும், பொறுத்தால் இறங்கும். ஒவ்வொரு தடவை பொறுக்கும்போதும் பழக்கத்தின் பிடி தளரும். போயிட்டு வாங்க" என்றார்.

காந்திபுரத்தில் சத்தியமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். எண்பது கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். புளியம்பட்டியில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கியதும் எதிரே பிராந்திக் கடை. அவர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"அம்மணி, கையப் புடிச்சுக்க. வாயூறுது."

பிடித்துக்கொண்டேன். கடைக்கு முதுகைக் காட்டி நின்றோம். பஸ் புறப்படும் நேரம். கண்டக்டர் வந்தார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்க நான் வாயெடுப்பதற்குள் இவரே சொன்னார்: "குடிய உட்டவனுங்க. இப்ப ஆசை வந்துபோட்டுது. செத்த நேரத்துல அடங்கிரும்."

ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது. கண்டக்டரோ, "நின்னு நிதானமா வாங்க. உங்கள உட்டுப்போட்டுப் போகமாட்டமுங்க" என்றார்.

ஆசை அடங்கியதும் ஏறினோம். சத்தியமங்கலம் தாண்டி வாழைத்தோப்பு வந்தபோது அவர் தூங்கியிருந்தார். இவ்வளவு தைரியம் இந்த மனுஷனிடம் எங்கே இருந்தது என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

கல்யாண வீட்டில் என் அண்ணன் பழனிசாமி இவரைத் தனியே கூப்பிட்டு, "ஒரே ஒரு டம்ளர், மாப்ளே" என்றார்.

"உங்களுக்கு அது ஒண்ணுங்க மச்சான். எனக்கு ஒண்ணோட நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார் இவர்.

இப்படி ஒருவரோடு பயணம் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது: வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கிளம்புங்கள். பசியில் ஆசை கூடும். வழியில் எங்கெங்கே நிறுத்துவார்கள் என்று முன்பே விசாரியுங்கள். ஆசை வந்தது என்று அவர் வாய்விட்டுச் சொன்னால் திட்டாதீர்கள், கூட நில்லுங்கள். சறுக்கினாலும் கதை முடிந்துவிடாது. இவரும் ஒருமுறை சறுக்கினார், மறுநாள் காலையில் தானாகவே டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்.

ஊர் திரும்பும்போது அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, கீழே நின்ற இவர் தோளில் கைவைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்ளே, அந்த டாக்டரு எங்கூட்டுப் பக்கமெல்லாம் வருவாருங்களா, இல்ல நாந்தான் வரோணுமா?"