கருவாட்டில் இல்லாத சோடியம்

சோடியம் என்பது வெள்ளைக்காரர்கள் தொழிற்சாலையில் சாப்பாட்டுக்குள் கலக்கும் ஏதோ ஒரு மருந்து என்றுதான் நான் நம்பியிருந்தேன். பாண் ரொட்டியில் இருக்கும், சீஸில் இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பார்சலில் வரும் கருவாட்டிலும் மோர்மிளகாயிலும் இருக்காது. லேபிளே இல்லாத சாமானில் சோடியம் எப்படி வரும்?

அப்போது லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். விமான நிலையத்தில் என்னோடு பெட்டி ஏற்றிய அண்ணை ஒருவர் ஷிப்டின் நடுவே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. அடுத்த நாளே டொக்டரிடம் ஓடினேன். பிரஷர் கூடிவிட்டது, சோடியத்தைக் குறை என்றார்.

அன்றிலிருந்து நான் சுங்க அதிகாரி. கடையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பாணுக்கு அரை மணித்தியாலம் விசாரணை. பிரஷர் மெஷின் ஒன்றும் வாங்கினேன். செய்திக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம். ஊர்ச் செய்தி என்றால் எண் எகிறும். மனைவி நெற்றியில் தைலம் பூசியபடி பார்த்திருப்பாள். அவளுக்கு அடிக்கடி தலையிடி.

"இஞ்சாருங்கோ, அந்தக் கைக்கு ஒருக்கா ஓய்வு குடுங்கோ. கழண்டு விழப்போகுது."

"நான் செத்தா உன்னை ஆர் பார்க்கிறது?"

"நீங்கள் செத்தா மெஷினையும் சேர்த்து எரிச்சுவிடுறன்."

சொல்லிவிட்டு மோர்மிளகாய் பொரிப்பாள். ஆளுக்கு மூன்று.

மூன்று மாதமாகியும் எண் இறங்கவில்லை. கிளினிக்கில் நர்ஸ் நான் சாப்பிடுவதை ஒன்றொன்றாகக் கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். கருவாடு என்றால் என்ன என்றாள். மீனைப் பிளந்து உப்பில் புதைத்து வெயிலில் என்று விளக்கிக்கொண்டு போனவன் பாதியில் நின்றுவிட்டேன். மோர்மிளகாயை அவள் கேட்கவில்லை, நானாகவே ஒப்புக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. வீட்டில் வேறு யார் இதைச் சாப்பிடுவது என்று கேட்டாள். மனைவி, ஆனால் அவளுக்கு ஒன்றுமில்லை என்றேன். ஒருதரம் கூட்டிவரச் சொன்னாள்.

கருவாடு குப்பைக்குப் போனது. உப்புக்குப் பதில் பச்சை மீனுக்குத் தேசிக்காய்ப் புளியும் மிளகும், பருப்புக்கு வறுத்த சீரகம். முதல் வாரம் கடதாசி தின்பது போலிருந்தது. ஒரு மாதத்தில் மீனிலேயே ஓர் இனிப்பு இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. எண் இறங்கியது. இறங்க இறங்க அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கிளினிக்குக்குப் போவோம் என்றால் அவளுக்கு ஷிப்ட். பிறகு எனக்கு மறதி. மெஷின் மேசையில்தான் கிடந்தது. அவள் கையில் கட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கட்டவில்லை.

மாசியில் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி அடுப்படியில் விழுந்தது அவள்தான். ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அவளுக்குப் பிரஷர் பார்த்தார்கள். என் மெஷின் ஒருநாளும் காட்டாத எண்.

வலக்கை திரும்பி வரவேயில்லை. சமைப்பதும் ஊட்டுவதும் இப்போது நான்தான். முதல் வாயை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, "புளி காணாது" என்பாள். தேசிக்காய் பிழிவேன். அவளுக்குத் தெளிவாகச் சொல்லவரும் நாலைந்து வசனங்களில் அது ஒன்று.