அக்காவின் வலது கால்

என் அக்காவுக்கு ஆபீசில் வைத்திருக்கும் பெயர் ‘காது’. யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் பார்ப்பது ஒரே வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாய்க்குள்ளேயே பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, ஒரு சொல் பிசகாமல் டைப் அடிக்க வேண்டும். சில டாக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், சிலர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார்கள். மருந்தின் அளவு ஐந்தா, பாதி விழுங்கிய பதினைந்தா என்று தெரியாவிட்டால் அக்கா விடமாட்டாள். எத்தனை தடவை கேட்டும் பிடிபடாத இடத்தில் கோடு போட்டு, நிமிடக் கணக்கையும் குறித்து அனுப்புவாள். அவள் கோடு போட்டால் மேலிடத்திலிருந்து மறுகேள்வி வராது. அவளுக்கே கேட்கவில்லை என்றால் யாருக்கும் கேட்காது.

மேசைக்கு அடியில் அவள் வலது காலுக்கு ஒரு பெடல் உண்டு. நடுவில் மிதித்தால் பதிவு ஓடும். ஓரத்தில் தட்டினால் இரண்டு நொடி பின்னால் போகும். கை டைப் அடிக்க, கால் தட்ட, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்.

வந்த வினை என்னவென்றால், பெடல் ஆபீசோடு நின்றுவிட்டது, கால் நிற்கவில்லை. வீட்டில் யாராவது கொஞ்சம் இழுத்துப் பேசினால் போதும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் டக்கென்று ஒரு தட்டு விழும். அத்தான் பாவம், கல்யாணமான புதிதில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த மனிதர். இப்போது வீட்டில் ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வைத்து இறக்குகிறார்.

எனக்கு அந்தக் காலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் தனி பிரேக்கில் காலை வைத்தபடி நாள் பூராவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாலும், டிவியில் ஒரு கார் வேகமாக வளைந்தால் என் கால் தரையை அழுத்தும். எங்கள் இருவரையும் பெற்றவர்கள் கால்களை இப்படி வாடகைக்கு விடத்தான் பெற்றார்களோ என்னவோ.

என் கால் தரையை அழுத்துவதால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அக்காவுக்கு நஷ்டம் பெரியது. வேலைக்குச் சேரும் முன் அவள் பாட்டுப் பைத்தியம். அவள் பாட்டு கேட்கும்போது நான் கூப்பிட்டால் தலையணை பறந்து வரும். இப்போது ஏதாவது பாட்டு ஆரம்பித்தால் அவள் விரல்கள் தொடையின் மேல் சொற்களை டைப் அடிக்கும். பாடகர் ஒரு சொல்லை விழுங்கினால் கால் தட்டும். முதல் சரணம் முடிவதற்குள் அணைத்துவிடுவாள். “லீவு நாள்ல என்னால வேலை பார்க்க முடியாதுடி” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஒரு நாள் என் காரில் வரும்போது சிரிக்காமல் சொன்னாள்.

“ஒரு பாட்டை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சும்மா கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? இனிமே முடியாதோன்னு பயமா இருக்கு.”

எதற்கும் வாயடிக்கும் எனக்கே அன்றைக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்த எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் ஆசை வந்து சேர்ந்தது. எங்கேயோ படித்துவிட்டு வந்து எனக்கு வகுப்பே எடுத்தாள். சாதாரண ஹெட்போனில் காந்தமும் சுருளும் இருக்கும். இதில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்றை, துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மின்சாரம் அந்த ஏட்டை அசைக்கும். கனமே இல்லாததால் நுணுக்கமான சத்தம்கூடத் தெளிவாக வரும். போனில் நேராகச் செருக முடியாது, அதற்கென்று தனியாக ஒரு மின்பெட்டி வேண்டும்.

“எல்லாம் தெளிவா கேட்டுட்டா காலுக்கு வேலை இருக்காது இல்ல?” என்றாள்.

“கோளாறு உன் தலையில இருக்கு, ஹெட்போன்ல இல்ல.”

“இருக்கட்டும். தலையிலதானே மாட்டப் போறேன்.”

இந்த வருட போனஸ் தொகைக்குள் முடித்துவிட வேண்டும், அதைத் தாண்டக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். பெட்டிக்குப் பெரிதாக ஆகாது என்று நினைத்து, அந்தத் தொகைக்குக் கிடைப்பது மூன்றே மூன்று என்று தேடிக் கண்டுபிடித்தாள். மூன்றையும் ஒரே இடத்தில் போட்டுப் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் கிளம்பினோம்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கீழே ரேடியோ, டிவி ரிப்பேர். மேலே ஜன்னலுக்குத் திரை போட்ட ஒரு அறை, இரண்டு நாற்காலி, சுவரெல்லாம் அலமாரி. கடைக்காரர் தலை வழுக்கையான, அவசரமே படாத மனிதர். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். முதலாவது காதுக்குள்ளேயே செருகுகிற குட்டி. இரண்டாவது புத்தம் புதியது, பளபளவென்று இருந்தது. மூன்றாவது யாரோ வைத்திருந்து விற்ற பழசு. தோல் மெத்தையில் வெடிப்பு விட்டிருந்தது, மின்பெட்டியின் மூலையில் பெயின்ட் போயிருந்தது.

“பாட்டு கொண்டாந்திருக்கீங்களா மேடம்?”

அக்கா பையிலிருந்து ஒரு நோட்டையும் போனையும் எடுத்தாள். அவள் கொண்டு வந்திருந்தது பாட்டு இல்லை. ஆபீசில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பரீட்சை வைக்கும் பதிவு. மூக்கடைத்த ஒருவர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆறு நிமிடம் பேசுவார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

முதலாவதில் கேட்டு எழுதியபோது நோட்டில் நாலு கோடு விழுந்தது. காதும் வலித்தது, கழற்றி வைத்துவிட்டாள். இரண்டாவதில் ஒரே கோடு. மூன்றாவதைத் தலையில் அழுத்தி மாட்டியதும் பாலிதீன் பை கசங்குகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா பதறிப்போய்க் கழற்றினாள்.

“பயப்படாதீங்க மேடம். அழுத்தி வெச்சா உள்ள இருக்கிற ஏடு அப்படித்தான் சத்தம் போடும். நல்லா இருக்குதுன்னு அர்த்தம்.”

அதில் மூன்று கோடு. அக்கா நோட்டைப் பார்த்தாள், புதுசைப் பார்த்தாள்.

“ரெண்டாவதுதான். மின்பெட்டியும் சேர்த்து என்ன விலை?”

சொன்னார். செருப்பு வாங்கப் போன இடத்தில் காலையும் விலைக்கு வாங்கச் சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பெட்டியின் விலை மட்டுமே ஹெட்போனை எட்டித் தொட்டது. அக்கா போட்ட சட்டத்தை அக்காவே மீறத் தயாராகி, தவணை உண்டா என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, நீ இங்க வேலைக்கு ஆள் எடுக்கிறியா, பாட்டு கேக்க வந்தியா? அந்த மூக்கடைச்ச ஆளை இன்னும் தெளிவா கேட்டு என்ன பண்ணப் போற?”

“எதுல தெளிவோ அதுலதான்டி பாட்டும் நல்லா இருக்கும்.”

“சரி, அப்ப ஒரு பாட்டைப் போட்டுக் கேளு.”

போனில் தேடினாள். ஒரு பாட்டுகூட இல்லை. அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

“நானே ஒண்ணு போடறேன்” என்றார் கடைக்காரர். ஒரு பெண் பாடும் நிதானமான பாட்டு, கூட ஒரு வயலின் மட்டும். இந்த வகை ஹெட்போனில் மூடி கிடையாது, சத்தம் வெளியேயும் கசியும். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கே ஓரளவு கேட்டது.

முதலில் இரண்டாவது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குனிந்து வலது காலைப் பார்த்தேன். கடைக்காரர் நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் தரையில் தேடினார். கால் ஓயவே இல்லை. பாடகி மூச்சு எடுத்தால் ஒரு தட்டு, வில் கம்பியில் உரசினால் ஒரு தட்டு. தெளிவு கூடக் கூட, பிடிக்க வேண்டியதும் கூடிக்கொண்டே போனது. சரணத்துக்கு முன்னால் அவளே கழற்றினாள். முகம் தொங்கிவிட்டது.

“பழசையும் ஒரு தடவை போட்டுரலாம்” என்றேன்.

“வேணாம்டி. நீ சொன்னதுதான் சரி. கோளாறு என் தலையிலதான்.”

இத்தனை வருடத்தில் நான் சொன்னது சரி என்று அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. நானே எடுத்து அவள் தலையில் மாட்டினேன். பாலிதீன் பை கசங்கியது. பாட்டு ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் இரண்டு தட்டு. கொஞ்சம் கழித்து இன்னொன்று. என் காலும் சேர்ந்து தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பல்லவி திரும்பி வரும் இடத்தில் அவள் பாதம் செருப்பிலிருந்து மெல்ல நழுவி, தரையில் ஒருக்களித்துப் படுத்தது. அப்படியே கிடந்தது. முதல் சரணம் போனது, வயலின் தனியாக வாசித்தது, இரண்டாவது சரணம் போனது. விரல்களைப் பார்த்தேன். மடியில் சும்மா இருந்தன.

ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. பழசு கொஞ்சம் மென்மையாக, கொஞ்சம் தள்ளி நின்று பாடும் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். அதுவாக இருக்கலாம். அல்லது இனி முடியாது என்று அவள் கைவிட்டுவிட்டதால் கால் தானாக நின்றிருக்கலாம்.

பாட்டு முடிந்தும் அவள் கழற்றவில்லை. கண்ணைத் திறந்து, செருப்பு இல்லாத தன் காலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“எத்தனை கோடு?” என்றார் கடைக்காரர், நோட்டை அவள் பக்கம் தள்ளி.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. பழைய பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வம்புக்குத்தான் கேட்டேன். கேட்டதை எல்லாம் அப்படியே ஒப்பிப்பவள் ஆயிற்றே.

“ரெண்டாவது சரணத்துல என்ன வார்த்தை வந்துச்சு, சொல்லு பார்ப்போம்.”

வாயைத் திறந்தாள், யோசித்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

“தெரியலடி” என்றாள். “நான் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தேன்.”